நிலத்தின் பேரில் வந்த பணம்

1933 கோடையில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நன்றாக வளர்ந்து நின்ற பருத்தியை உழுது மண்ணோடு புரட்டினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அந்த மே மாதம் கையெழுத்திட்ட வேளாண் சீரமைப்புச் சட்டம் விதைப்பு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. விதைக்க வேண்டாம் என்று சொல்ல நேரம் இல்லை. விதைத்ததை அழியுங்கள், அதற்குப் பணம் தருகிறோம் என்றது அரசு. ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தி அழிந்தது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் அன்று செடிமேல் ஏற மறுத்து நின்றன என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்பவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

அழித்ததற்குக் காரணம் இருந்தது. 1929-இல் பவுண்டுக்கு 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி 1932-இல் 6 சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. கிடங்குகளில் முந்தைய ஆண்டுகளின் பொதிகள் விற்காமல் கிடந்தன. ஊர் ஊராக நிலங்கள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அரசு தலையிட்டதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. மழையையும் சந்தையையும் ஒரே சமயத்தில் நம்பிப் பிழைக்க வேண்டிய தொழில் இது. ஒரு கெட்ட ஆண்டு பத்து நல்ல ஆண்டுகளின் சேமிப்பைத் தின்றுவிடும். அந்த ஆண்டில் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். இன்றுவரை அமெரிக்காவில் நடக்கும் விவசாய உதவித்தொகை ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு நியாயத்தின்மேல்தான் நிற்கிறது. நியாயம் சரியானது. பணம் வாஷிங்டனை விட்டுக் கிளம்பிய பிறகு ஊர்களில் நடந்ததைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் டெல்டா என்று அழைக்கப்படும் சமவெளி இருக்கிறது. ஆற்று வெள்ளம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். அங்கே நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். விதை, ஏர், கழுதை, அறுவடை வரைக்கும் சாப்பிட மாவு, உப்பு, பன்றிக் கொழுப்பு எல்லாமே பண்ணையிலிருந்து கடனாக வரும். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மிச்சப் பாதியில் கடன் கழியும். கணக்கை எழுதுபவர் பண்ணையார், எடை போடும் தராசும் அவருடையது.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் 1934-35ஆம் ஆண்டுகளின் பருத்தி ஒப்பந்தம் வந்தது. பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, அதில் விளைந்திருக்கக்கூடிய பருத்தியைக் கணக்கிட்டு, பவுண்டுக்கு மூன்றரை சென்ட் வாடகை. அது முழுவதும் நில உரிமையாளருக்கு. அதோடு விலையை ஈடுகட்ட இன்னொரு சென்ட். அதை மட்டும் வாரக்குடியோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, நிலம் வைத்திருந்தவருக்கு நான்கு சென்ட், அதே நிலத்தில் குடும்பத்தோடு வெயிலில் நின்றவருக்கு அரை சென்ட். அந்த அரை சென்ட்டும் பண்ணையார் கைவழியாகத்தான் போனது. போகிற வழியில் பழைய கடன் காத்திருந்தது.

அரை சென்ட் குறைவு என்பதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. பயிரிடும் பரப்பு குறைந்தால் ஆள் தேவையும் குறையும். வாரக்குடியை அனுப்பிவிட்டுக் கூலிக்கு ஆள் வைத்தால் பங்கு பிரிக்கவே வேண்டாம். விலையைக் காப்பாற்ற வந்த பணம், வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கவுண்டியில் நின்று பார்ப்பது நல்லது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, பரப்பில் சிறியது. டெல்டாவில் சன்ஃபிளவர் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. தலைநகரம் இந்தியனோலா. வடக்கே ரூல்வில் என்ற சிற்றூர், அதிலிருந்து சில மைல் தெற்கே டாட்ஸ்வில். இந்த இரண்டு ஊர்களிலும் இருந்த இருவரைச் சொன்னால், உதவித்தொகையின் கதையில் பெரும்பகுதியைச் சொன்னதாகிவிடும்.

டாட்ஸ்வில்காரர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். 1943 முதல் 1978 வரை அமெரிக்க செனட்டர். நீதித்துறைக் குழுவின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து, குடிமை உரிமைச் சட்டங்களைத் தடுப்பதையே வேலையாகக் கொண்டிருந்தவர். வேளாண்மைக் குழுவிலும் இருந்தார். அவர் குடும்பப் பண்ணை ஏறத்தாழ 5,800 ஏக்கர். ரூல்வில்காரர் ஃபேனி லூ ஹேமர். வாரக்குடிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய தந்தை எப்படியோ பணம் சேர்த்துக் கோவேறு கழுதைகள் வாங்கி, சொந்தமாக நிலம் குத்தகைக்கு எடுத்தார். யாரோ தொட்டியில் விஷம் கலந்து அந்தக் கழுதைகளைக் கொன்றுவிட்டார்கள். குடும்பம் மறுபடியும் வாரத்துக்கே திரும்பியது. பிற்காலத்தில் பண்ணை ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு வந்த ஹேமர், பறித்த பருத்தியை நிறுக்கும்போது பண்ணையாரின் குண்டைக் கழற்றிவிட்டு, சரியான எடையுள்ள குண்டைத் தானே கொண்டுபோய் மாட்டுவாராம். அந்தக் கவுண்டியில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அவர் இந்தியனோலா போனார். திரும்பி வந்த அன்றே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. அரசின் விவசாயக் கணக்கில் அவர் விவசாயியும் இல்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பருத்திக் காட்டில் நின்ற ஒரு பெண்ணுக்கும் பருத்திக்கு வந்த உதவித்தொகைக்கும் இடையே சட்டப்படி எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

இதற்கிடையே இயந்திரம் வந்துவிட்டது. 1944 அக்டோபரில் பக்கத்துக் கவுண்டியான கோஹோமாவில், கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஒரு பண்ணையில், பருத்தி பறிக்கும் இயந்திரத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். மனிதக் கை ஒரு மணி நேரத்தில் இருபது பவுண்டு பறித்தால் அது ஆயிரம் பவுண்டு பறித்தது. இயந்திரம் வந்ததால் ஆட்கள் போனார்கள் என்று வரலாற்றை ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அந்த இயந்திரத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. நிலத்தின் பேரில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் காசோலை கையில் இருப்பவருக்கு வங்கி கடன் கொடுக்கும். டிராக்டர் வரும். களைக்கொல்லி வரும். 1967 பிப்ரவரியில் விவசாயத் தொழிலாளருக்கு முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு ஒரு டாலர், அமலுக்கு வந்தது. டெல்டாப் பண்ணைகள் அந்தக் கூலியைக் கொடுப்பதைவிட மருந்து தெளிப்பதையே தேர்ந்தெடுத்தன. பருத்திப் பரப்பைக் குறைத்தால் பணம் என்ற புதிய சட்டமும் அதே சமயத்தில் அமலில் இருந்தது. களை எடுக்கப் போனவர்களுக்கு அந்த வசந்தத்தில் வேலை இல்லாமல் போனது.

அந்த ஏப்ரலில்தான் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, வயிறு வீங்கிய குழந்தைகளைக் குடிசைகளில் கண்டார். ஏழைகளுக்கு வேளாண்மைத் துறை வழங்கிய உணவு முத்திரைகளைக்கூட அன்று காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மாதம் ஆளுக்குக் குறைந்தது இரண்டு டாலர். அந்த இரண்டு டாலர் இல்லாத வீடுகள் இருந்தன. அதே 1967-இல், அதே வேளாண்மைத் துறையிலிருந்து, செனட்டர் ஈஸ்ட்லாண்டின் பண்ணைக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் போனது. உணவு முத்திரையும் அந்தக் காசோலையும் ஒரே துறையின் கையிலிருந்து புறப்பட்டவை. ஒன்றைப் பெற வறுமையை நிரூபித்துக் காசும் கட்ட வேண்டும். இன்னொன்றைப் பெற நிலம் இருந்தால் போதும். முதலாவதை நாடு தர்மம் என்றது, இரண்டாவதை விவசாயம் என்றது.

பணத்தைப் பங்கிட்டது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஏற்பாட்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி அதுதான், கசக்கும் பகுதியும் அதுதான். ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகள் தமக்குள்ளேயே வாக்களித்துக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். யார் எத்தனை ஏக்கர் பருத்தி போடலாம், யாருக்கு எவ்வளவு பணம் என்பதை அந்தக் குழுதான் பார்க்கும். தலைநகரத்து அதிகாரி அல்ல, மண்ணை அறிந்த அக்கம்பக்கத்தார். இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. ஆனால் அக்கம்பக்கத்தார் யாரென்று பார்க்க வேண்டும். வாக்குரிமையே மறுக்கப்பட்ட ஊரில் அக்கம்பக்கத்தார் ஆட்சி என்றால் பண்ணையார் ஆட்சி. 1964-இல் குடிமை உரிமைக்காகப் போராடிய மாணவர் அமைப்பினர் கறுப்பின விவசாயிகளை இந்தக் குழுத் தேர்தல்களில் நிற்க வைத்தார்கள். அடிமட்ட ஊர்க்குழுக்களில் சிலர் வென்றார்கள். கவுண்டிக் குழுவரை ஏற முடியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடிமை உரிமை ஆணையம் ஆராய்ந்தபோது, தென்மாநிலங்களின் கவுண்டிக் குழுக்களில் ஒரு கறுப்பின உறுப்பினரும் இல்லை. ஒருவருக்குப் பருத்திப் பரப்பை ஐந்து ஏக்கர் குறைத்து எழுதினால் போதும், அவர் அடுத்த ஆண்டு அங்கே இருக்கமாட்டார். கையில் துப்பாக்கி தேவையில்லை, பேனா போதும்.

1920-இல் அமெரிக்காவில் சுமார் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். நூற்றாண்டின் முடிவில் இருபதாயிரம் பேர்கூட இல்லை. வெள்ளையரிலும் சிறு விவசாயிகள் லட்சக்கணக்கில் போனார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கறுப்பின விவசாயிகள் போன வேகம் வேறு. 1997-இல் திமோத்தி பிக்ஃபோர்ட் என்ற வட கரோலினா விவசாயி தொடுத்த வழக்கில், கவுண்டி அலுவலகங்கள் கடனையும் உதவியையும் நிறம் பார்த்துத் தாமதித்தன, மறுத்தன என்பது பேசப்பட்டது. விதைப்புக் கடன் விதைப்பு முடிந்த பிறகு கிடைத்தால் அது கடனே அல்ல என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். 1999-இல் உடன்பாடு ஏற்பட்டது. பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர். அதற்குள் நிலம் போய்விட்டிருந்தது. அந்தத் தொகைக்கு ஒரு நல்ல டிராக்டரும் வாங்க முடியாது. 2024-இல் பாகுபாட்டுக்கு இழப்பீடாக இன்னும் 200 கோடி டாலர், 43,000 பேருக்கு மேல் கொடுக்கப்பட்டது. அவர்களில் மிக அதிகமானவர்கள் மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் இருந்தார்கள்.

உச்சவரம்பு வைத்தால் தீர்ந்துவிடாதா? வைத்தார்கள். 1970-இன் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்றது. உடனே பண்ணைகள் காகிதத்தில் பிரிந்தன. மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, அறக்கட்டளை, கூட்டு நிறுவனம் என்று கிளை கிளையாகப் பிரித்த இந்த முறைக்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. 1987-இல் காங்கிரஸ் இன்னொரு விதி போட்டது: விவசாயத்தில் நேரடியாக ஈடுபட்டிருப்பவருக்குத்தான் பணம். ஈடுபாடு என்றால் உழைப்பாக இருக்கலாம், அல்லது நிர்வாகமாக இருக்கலாம். அந்த ‘அல்லது’ வழியாக எத்தனையோ பேர் உள்ளே வந்தார்கள். 2018-இல் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் அண்ணன் தம்பி பிள்ளைகளும்கூடக் குடும்பத்தினர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். தலைக்கு 1,25,000 டாலராக இருந்த வரம்பு 2025-இல் 1,55,000 ஆனது. தூரத்து நகரத்திலிருந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர் இந்த விதிப்படி விவசாயத்தில் ஈடுபட்டிருப்பவர். நாள் முழுவதும் வயலில் டிராக்டர் ஓட்டும் கூலித் தொழிலாளியை விதிக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. பணத்தில் கணிசமான பகுதி இப்போது விளைச்சலுக்குக்கூட அல்ல, நிலத்தோடு ஒட்டிய பழைய பதிவுக்குப் போகிறது. ஒரு காலத்தில் பருத்தி போட்டதாகப் பதிவான நிலத்துக்கு, இன்று அங்கே வேறு பயிர் இருந்தாலும், விலை சரிந்தால் தொகை உண்டு. நிலத்தோடு பணம் வருகிறது என்று தெரிந்தால் குத்தகை ஏறும், நில விலையும் ஏறும். புதிதாக விவசாயத்துக்கு வர நினைக்கும் இளைஞர் அந்த ஏறிய விலையைக் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். உதவி பெறவேண்டியவரே உதவிக்கு விலை கொடுக்கிறார்.

ஹேமர் சும்மா இருக்கவில்லை. 1969-இல் சன்ஃபிளவர் கவுண்டியில் நாற்பது ஏக்கர் வாங்கி ஃபிரீடம் ஃபார்ம் என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். வெண்டை, பட்டாணி, அவரை வகைகள், கீரை, சர்க்கரைவள்ளி. யாருக்குப் பசியோ அவர்கள் வந்து பறித்துக்கொள்ளலாம், பாடுபடலாம். நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்தின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றும் வைத்தார். ஒரு குடும்பம் சினைப்பன்றியை வாங்கிப் போகும், ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். இரண்டே ஆண்டுகளில் நிலம் 680 ஏக்கர் அளவுக்குப் பெருகியது. கடன் தவணைக்காக ஒரு பகுதியில் பருத்தியும் சோயாவும் போட்டார்கள். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. வரியும் தவணையும் நின்றன. எழுபதுகளின் நடுவில் நிலம் கையை விட்டுப் போனது. 1977 மார்ச்சில் ஹேமரும் போனார். அமெரிக்க விவசாயச் சட்டத்தின் விலை ஆதரவு பருத்திக்கும் சோளத்துக்கும் கோதுமைக்கும் நெல்லுக்கும் உண்டு. வெண்டைக்கும் கீரைக்கும் கிடையாது. பசித்தவர்களுக்கு அவர் எதை விளைவித்தாரோ அது சட்டத்தின் கண்ணில் பயிரே அல்ல.

உதவித்தொகையைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கொடுப்பது வீண் என்கிறது ஒன்று, விவசாயி வாழ வேண்டும் என்கிறது இன்னொன்று. சன்ஃபிளவர் கவுண்டியின் தொண்ணூறு ஆண்டுகளைப் பார்த்த பிறகு இரண்டுமே அடிப்படையைத் தொடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு பணம் கொடுக்கும்போது ஏற்கெனவே அங்கே இருக்கும் விவசாயிக்கு உதவுவதாக இருவரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. படிவத்தில் யார் பெயரைக் கேட்பது என்று முடிவு செய்யும் கணத்திலேயே, நாளை அந்த மண்ணில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பதையும் அரசு முடிவு செய்துவிடுகிறது. ஏக்கரைக் கேட்டால் ஏக்கர் வைத்திருப்பவர் நிலைப்பார், இன்னும் வாங்குவார். 1930-இல் அந்தக் கவுண்டியில் 66,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2020-இல் 26,000 பேருக்குச் சற்றுக் குறைவு, அதிலும் ஒரு பகுதி அங்குள்ள பார்ச்மன் சிறையின் கைதிகள். பயிர் இன்னும் விளைகிறது, பணமும் வருகிறது. காலியானது ஊர். இதை இயந்திரமும் சந்தையும் மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கையெழுத்தான ஒரு படிவமும் சேர்ந்தே செய்தது.

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1934-35 ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, முடிந்தவரை வாரக்குடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்றது. பண்ணையார்கள் ஒரு குடும்பத்தை விரட்டி வேறொன்றை அமர்த்தி எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். அர்கன்சா மாநிலத்தில் வாரக்குடிகள், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து, 1934 ஜூலையில் சங்கம் கட்டினார்கள். நிலைமையை நேரில் பார்க்க வேளாண் நிர்வாகம் மேரி கானர் மையர்ஸ் என்ற வழக்கறிஞரை அனுப்பியது. அவர் அறிக்கை கொடுத்தார், அது வெளியிடப்படவே இல்லை. 1935 பிப்ரவரியில் நிர்வாகத்தின் சட்டப் பிரிவில் இருந்த சிலர், எண்ணிக்கை போதாது, அதே குடும்பங்களே இருக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவுக்கு விளக்கம் எழுதினார்கள். அதாவது ஆளின் பெயரைக் கேட்டார்கள். சட்டப் பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்க் உட்படப் பலர் அந்த மாதமே வேலையிழந்தார்கள். விளக்கம் திரும்பப் பெறப்பட்டது. பெயர் கேட்க முடியும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

2021 செப்டம்பரில் அதே சன்ஃபிளவர் கவுண்டியில் கறுப்பின விவசாயத் தொழிலாளர்கள் ஆறு பேர் வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தற்காலிக விசாவில் அழைத்துவரப்பட்ட வெள்ளையருக்கு வேலை கற்றுக்கொடுக்க வைத்து, அவர்களுக்கு மணிக்குக் கூடுதல் கூலியும் தங்களுக்குக் குறைவான கூலியும் பண்ணை கொடுத்தது என்பது அவர்கள் புகார். பிறகு அது உடன்பாட்டில் முடிந்தது. 1935-இல் கேட்ட பெயரை இன்றும் கேட்கலாம். பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு பண்ணையும், அந்த ஆண்டு தன் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் யார், எத்தனை நாள், என்ன கூலிக்கு என்று எழுதித் தந்த பிறகே காசோலை பெற வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் தொகையில் ஒரு பங்கு, பண்ணையார் கைவழியாக அல்லாமல், அவரவர் பெயரிலேயே போகட்டும். அரை சென்ட்டைக் கணக்கிட்டுப் பிரிக்கத் தெரிந்த அரசுக்கு இதையும் கணக்கிடத் தெரியும்.